சீலர் போடுவதா, வேண்டாமா

தரையைச் சுத்தம் பண்ண ஆள் கூப்பிட்டது மட்டும்தான் அவள் செய்த காரியம். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்த குழப்பத்துக்கெல்லாம் தான் பொறுப்பில்லை என்கிறாள். நாம் நம்பிவிடலாம். நம்பாதவர் ஒருவர் உண்டென்றால் அது அவள் கணவர்தான். ஆனால் அவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அவர் எதையுமே வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்பதுதான் இந்தக் கதையே.

வெளியில் அப்படிக் கிடையாது. ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் அவர் தேர்வாளர். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, வண்டி நின்ற அடுத்த மூச்சிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அழுதாலும் சரி, பெரிய இடத்துப் பெயரைச் சொன்னாலும் சரி, சொன்னது சொன்னதுதான். ஊருக்குள் அவருக்கு 'ஃபெயில் சார்' என்று பெயர். அந்த ஃபெயில் சார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாக்கையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். திரைச்சீலை என்ன நிறம்? உன் இஷ்டம். மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது? உன் இஷ்டம். இந்த வீட்டை வாங்கலாமா? அதுவும் உன் இஷ்டம். பிறகு திரைச்சீலை வெளுத்துப் போகும்போது மட்டும், "நீதானே சொன்ன" என்று ஒரு வரி வரும். கோபமெல்லாம் இருக்காது. வெளியில் மழை பெய்கிறது என்று தகவல் சொல்கிற குரல். அந்தக் குரல்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையை மாட்டி, அதை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டி, 'இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?' என்று கேட்டுக் கேட்டுப் பதிலைப் பிடுங்குவது அவள் பிழைப்பு. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று மழுப்புகிறவர்களைக்கூட அவள் விட்டதில்லை. அந்த வித்தை வீட்டில் இருக்கிற ஒருத்தரிடம் மட்டும் பலிக்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சிரிக்க முடியாதது ஒன்றும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு வந்தது. ஆபரேஷன் செய்தால் எழுந்து நன்றாக நடமாடலாம், ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போனாலும் போய்விடலாம். செய்யாவிட்டால் மூச்சு வாங்கிக்கொண்டே கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி நடையில் நின்று அவள் கணவரைக் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார். அவள் செய்யச் சொன்னாள். அம்மா கண் விழிக்கவில்லை.

அந்த ஒரு தடவை மட்டும் அவர் "நீதானே சொன்ன" என்று சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்கு ஓடினார், உறவுக்காரர்களுக்கெல்லாம் தகவல் சொன்னார், அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதர் செய்யக்கூடியதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். ஆனால் 'நாம எடுத்த முடிவு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொண்ணு எடுத்த முடிவு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தச் சுமையை அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். படுத்தால் தூக்கம் வருவதில்லை.

சரி, தரைக்கு வருவோம்.

கூடத்தில் சாம்பல் நிறக் கல். சமையலறையில் வெள்ளை டைல்ஸ். டைல்ஸ்களுக்கு நடுவே இடுக்கில் நிரப்பியிருக்கும் க்ரவுட்டும் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்ததாம். வீடு கட்டியவர்கள் பார்த்திருக்கலாம். இவர்கள் குடிவந்த நாளிலேயே அது பழுப்பு. அப்புறம் அடுப்புப் பக்கத்தில் கறுப்பு, தொட்டிப் பக்கத்தில் பச்சை. ஒருநாள் அவள் குனிந்து ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பார்த்தாள். ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை தெரிந்தது. அதற்கப்புறம் மீதி அழுக்கைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தரை சுத்தம் பண்ணுகிற ஒருவரைப் பிடித்தாள். அவரை நாமும் தரைக்காரர் என்றே சொல்வோம்.

தரைக்காரர் மிஷினை ஓட்டி, நுரையை உறிஞ்சி, மூலை முடுக்கெல்லாம் முட்டிபோட்டுத் தேய்த்து, வேலையை நன்றாகத்தான் செய்தார். கூடத்துக் கல்லில் இத்தனை வருஷமாக இருந்தும் தெரியாத மெல்லிய வெள்ளை ரேகைகள் தெரிந்தன. சமையலறை பளிச்சென்று இருந்தது. அவள் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோலக் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அப்போதுதான் அந்த மனிதர் குட்டையைக் குழப்பினார்.

சீலர் என்று ஒன்று இருக்கிறதாம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்குமாம். கல்லிலும் இடுக்கிலும் பூசினால் உள்ளே இறங்கி, எண்ணெயோ கறையோ ஊறாமல் பார்த்துக்கொள்ளுமாம். பூசாமல் விட்டால் பழையபடி கறுத்துவிடும் என்றார். அப்படியானால் பூசிவிடலாமா என்று அவள் கேட்டாள். பூசலாம், ஆனால் கல் உள்ளுக்குள் காயாமல் பூசினால் ஈரம் மாட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும் என்றார். அப்படியானால் வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே என்றார். பூசினால் சில வருஷத்தில் மறுபடியும் பூச வேண்டியிருக்கும். பூசாவிட்டால் அடிக்கடி தேய்க்க வேண்டியிருக்கும். பூசின வீட்டிலும் தன்னைத் திட்டுகிறார்கள், பூசாத வீட்டிலும் திட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு சின்னப் பாட்டிலில் கொஞ்சம் சீலரை ஊற்றிக் கொடுத்து, ஓரமாக எங்காவது பூசிப் பாருங்கள், தரை காயட்டும், சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன், முடிவைச் சொல்லுங்கள் என்று கிளம்பிவிட்டார்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். அவர் கணவரின் அக்கா. தம்பி பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர். கல்லுக்கு மூச்சு விட வேண்டும், அதன் வாயை அடைக்காதே என்றார். அவர் வீட்டில் பூசி, கூடமே தேமல் விழுந்தமாதிரி ஆகிவிட்டதாம். மகளுக்குப் போன் போட்டாள். இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா, கண்ணை மூடிக்கிட்டுப் பூசு என்றாள் மகள், பூசின தரையில் வாழ்ந்து பார்த்தவள் மாதிரி. கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு கட்டட மேஸ்திரியிடம் கண்ணைப் பரிசோதிக்கிற சாக்கில் கேட்டாள். கல்லுக்குப் பூசு, இடுக்குக்கு வேண்டாம் என்றார் அவர். கட்டடச் சாமான் விற்கிற கடையில் நேர் எதிராகச் சொன்னார்கள். ஆளுக்கொரு பேச்சைக் கேட்டு அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நன்றாகத்தான் கேட்டார். அதுதான் விசேஷம், அவர் எப்போதும் நன்றாகக் கேட்பார். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, "உன் இஷ்டம்" என்றார்.

அந்த நிமிஷத்தில் அவள் முடிவு கட்டிவிட்டாள். இந்தத் தடவை அவர் வாயிலிருந்து போடு, போடாதே என்று ஒரு வார்த்தை வராமல் அவள் அசையப்போவதில்லை. தரைக்காக இல்லை, தரை கிடக்கிறது. ஒரு தரை விஷயத்தில்கூடக் கூட நிற்காத மனிதரோடு மீதிக் காலத்தை எப்படி ஓட்டுவது என்ற பயம். நாளைக்கு அவளுக்கே ஒன்று என்றால், டாக்டருக்கு முன்னால் நின்று இவர் என்ன சொல்வார்? அவ இஷ்டம் என்பாரா?

ஆனால் பிடிவாதம் வேறு, ஆவல் வேறு. பாட்டில் அலமாரியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய் மத்தியானம் திரும்பிவிடுவார். அவள் கடைக்குக் கிளம்புவது அவர் போய் ரொம்ப நேரம் கழித்து, வருவது இருட்டுகிற நேரத்தில். ஆக, காலையில் வீடு அவளுடையது, மத்தியானத்துக்கு மேல் அவருடையது. மறுநாள் காலையில் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அந்தக் கதவு எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும். அதற்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. கூடத்துக் கல் முடிந்து சமையலறை டைல்ஸ் தொடங்குகிற இடமும் அதுதான், இரண்டும் கைக்கெட்டுகிற தூரத்தில். ஒரு கல்லில் மட்டும் துணியால் தொட்டுத் தொட்டுச் சீலரைப் பூசினாள். மிச்சத்தைத் துடைத்தாள். கதவைத் திரும்பவும் சுவரோடு தள்ளிவிட்டு, கை கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போலக் கடைக்குப் போனாள்.

அடுத்த நாள் காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். சொட்டு ஊறாமல் முத்தாக நின்றது. மனசு குளிர்ந்தது. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது கணவர் தானாக வாயைத் திறந்தார்.

"நம்ம கல்லு தண்ணி குடிக்காத ஜாதி போலிருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டாள். பொதுவாகச் சொன்னேன் என்று அவர் தட்டைப் பார்த்துக்கொண்டார். கல் குடிக்காதது சீலர் பூசியதால் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, இந்த மனிதர் கல்லே குடிக்காது என்கிறார். அப்படியானால் தான் பார்த்த முத்து சீலர் செய்த வேலையா, கல்லின் குணமா? பூசாத பக்கத்துக் கல்லில் விட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டாள். மறுநாள் காலையில் அதைச் செய்யத்தான் கதவுக்குப் பின்னால் போனாள். போனவள் திகைத்து நின்றாள்.

சீலர் பூசிய கல்லின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக, வெள்ளையாக ஒரு திட்டு. விரலால் தடவினால் மற்ற இடம் வழவழவென்றும் அந்த இடம் மட்டும் சொரசொரவென்றும் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள், காய்ந்ததும் திரும்ப வந்தது. நாத்தனார் சொன்ன தேமல் இதுதான் போலிருக்கிறது. கூடம் முழுவதும் பூசியிருந்தால் என்ன கதி ஆகியிருக்கும் என்று பயந்தாள். நல்லவேளை பூசவில்லை என்று ஒரு பக்கம் ஆறுதல், பூசாவிட்டால் பழையபடி கறுத்துவிடுமே என்று ஒரு பக்கம் கவலை. கடைக்கு நேரமாகிவிட்டது. அவசர அவசரமாக, பூசாத டைல்ஸ் இடுக்கில் கொஞ்சம் காபியை ஊற்றிவிட்டு ஓடினாள். கறை எவ்வளவு பிடிக்கிறது என்று சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் அவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்படி நடக்கிற மனிதர் அல்ல. அவளைப் பார்த்ததும் நின்று, ஏம்மா, யாருமே நடக்காத இடத்தில் அழுக்கு தானாக வருமா என்று கேட்டார். வராது என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், திருப்தியில்லாமல். எதற்குக் கேட்கிறீர்கள் என்றால், சும்மாதான். இருவரும் கதவுப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு டிவி பார்த்தார்கள்.

அன்று அவளுக்குக் கடையிலும் வேலை ஓடாமல் போயிருந்தது. ஒரு பெரியவரிடம் இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதிலைக் காதில் வாங்காமல் மறுபடியும் கேட்டாளாம். அவர் பொறுமையாக, உனக்கு எது தெளிவோ அதையே எழுதும்மா என்றாராம். உன் இஷ்டம் என்பதைத்தான் அவரும் வேறு விதமாகச் சொல்கிறார் என்று தோன்றி அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தமில்லாதவர்களிடமெல்லாம் கோபித்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் தரைக்காரர் வந்து நிற்பார். அவளுக்கு முடிவும் இல்லை, கணவரிடமிருந்து வார்த்தையும் இல்லை. காலையில் அவர் செருப்பை மாட்டும்போது கடைசியாக ஒரு தடவை கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கினார். ஏதோ சொல்ல வருவதுபோல உதடு பிரிந்தது. பிறகு மென்று விழுங்கிவிட்டு, "பார்ப்போம்" என்றார். உன் இஷ்டம் என்றுகூடச் சொல்லவில்லை. இது முன்னேற்றமா பின்னேற்றமா என்று அவளுக்குப் புரியவில்லை.

அன்றைக்கென்று கடை இருக்கிற தெருவில் மின்சாரம் போய்விட்டது. கண் பரிசோதிக்கிற விளக்கே எரியாத கடையில் உட்கார்ந்து என்ன செய்வது? முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டார். மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல அவர் முன்னாலேயே வந்திருந்தார். வாசலில் அவர் செருப்பு இருந்தது. கூடத்தில் ஆள் இல்லை. சமையலறைக் கதவு சுவரை விட்டு விலகி நின்றது, அதற்குப் பின்னாலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

விழுந்துவிட்டாரோ என்று ஓடிப்போய்க் கதவை இழுத்தாள்.

ஃபெயில் சார் முட்டிபோட்டுக் குனிந்திருந்தார். மூக்கு நுனியில் படிக்கிற கண்ணாடி. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பிழிந்து சக்கையான அரை எலுமிச்சம்பழம். முன்னால் வரிசையாக ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பழைய பனியன் துணி. கையும் களவுமாகப் பிடிபட்ட ஆள் திருதிருவென்று விழித்தார். வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய்ச் சுவரில் இடித்த பையன்கள் அவர் முன்னால் எப்படி விழிப்பார்களோ, அதே முழி.

"என்னங்க பண்றீங்க?"

"டெஸ்ட்."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. தரைக்காரர் கிளம்பிப் போனபோது தெருமுனையில் இவர் எதிரே வந்திருக்கிறார். நிறுத்தி விசாரித்திருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஊறினால் பூச வேண்டும், நின்றால் வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். யாரும் பார்க்காத இடம், கல்லும் டைல்ஸும் சேருகிற இடம் எது என்று இவரும் யோசித்திருக்கிறார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு வேறு எந்த இடம் தோன்றும்? அவள் காலையில் சீலர் பூசிய அதே கல்லில் மத்தியானம் இவர் தண்ணீர் விட்டிருக்கிறார். முத்தாக நின்றது. தண்ணீர் குடிக்காத கல் என்று முடிவு கட்டிவிட்டார். பிறகு எண்ணெய். எண்ணெயும் ஊறவில்லை. ஆனால் ஃபெயில் சார் ஆயிற்றே, இரண்டு பரீட்சையில் பாஸ் போட்டுவிடுவாரா? எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டுவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்டார். புளிப்பு கல்லைத் தின்றுவிட்டது. மறுநாள் காலையில் அவள் பார்த்து நடுங்கிய தேமல் அதுதான். அவள் ஊற்றிய காபியை மத்தியானம் இவர் பார்த்துவிட்டு, யாருமே நடமாடாத இடுக்கில் அழுக்கு தானாக ஊறி வருகிறது என்று பயந்துபோயிருக்கிறார். இன்றைக்குப் பக்கத்துக் கல்லில் தண்ணீர் விட்டால் குடிக்கிறது. ஒரே தரையில் ஒரு கல் குடிக்கிறது, ஒரு கல் குடிக்கவில்லை. அவருக்குத் தலை சுற்றிவிட்டது.

அவள் பாட்டிலை எடுத்துவந்து காட்டினாள். எந்தக் கல்லில் பூசினாள் என்று தொட்டுக் காட்டினாள். அவர் அந்தக் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவரும் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"இவ்வளவு தூரம் பாத்திருக்கீங்க. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலையே."

"சரியாத் தெரியாம எப்படிச் சொல்றது?"

"தெரிஞ்சப்புறம் சொல்லியிருப்பீங்களா?"

அவர் பழச் சக்கையைத் துணியில் சுற்றினார். பிறகு, நீ எப்படியும் சரியாத்தான் முடிவு பண்ணுவ, நான் நினைச்சதும் நீ சொல்றதும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கும், அப்புறம் எதுக்கு நான் வேற நடுவுல என்றார். எல்லா விஷயத்திலும் இப்படித்தானாம். மகள் சேர்ந்த காலேஜுக்கு முன்னாலேயே போய் ஒருநாள் முழுக்க வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாராம். இந்த வீட்டை வாங்குவதற்கு முன்னால் மழையில் வந்து சுவரெல்லாம் தொட்டுப் பார்த்தாராம். ஒன்றையும் அவளிடம் சொன்னதில்லை.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"அம்மா விஷயத்துலயுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பனியன் துணியால் துடைக்கப் போய், அதில் எண்ணெய் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பெரிய டாக்டரைத் தனியாப் போய்ப் பாத்தேன். ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் போனேன். ரெண்டு பேரும் பண்ணலாம்னுதான் சொன்னாங்க. நானும் பண்ணலாம்னுதான் நினைச்சேன்."

"அப்போ ஏன் என் இஷ்டம்னு சொன்னீங்க?"

"உங்கம்மா. நான் சொல்லி ஏதாவது ஆயிட்டா, அப்புறம் நீ என் மூஞ்சியில முழிப்பியான்னு பயம்."

"ஆனப்புறம்? ஆனப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஆனப்புறம் எப்படிச் சொல்றது? அப்போ சொல்லாம இப்போ மட்டும் வந்துட்டீங்களான்னு நீ கேட்டா?"

நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆறுதல் அப்புறம் வந்தது. முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருஷமாக அவள் ஒருத்தியே அம்மாவைக் கொன்றுவிட்டதாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்திலேயே இன்னொருவரும் அதே முடிவை எடுத்துவிட்டுப் படுத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே கல்லில் ஆளுக்கொரு பக்கமாகப் பூசிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

"எனக்கு அது தெரிஞ்சிருந்தா நான் தூங்கியிருப்பேங்க," என்றாள். அழுதாள். அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், எண்ணெய்க் கையைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு, அவள் தோளில் வைத்தார். எடுக்கவில்லை.

வாசல் மணி அடித்தது. சாயங்காலம் வருகிறேன் என்றவர் சீக்கிரமே வந்துவிட்டார், தரைக்காரர். தோளில் தெளிப்பான், கையில் வாளி. உள்ளே வந்தவர் தரையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரையும், டம்ளரையும், கரண்டியையும் பார்த்து ஒரு மாதிரி ஆகிவிட்டார். வழக்கம்போல அவளைப் பார்த்து, என்னம்மா முடிவு என்றார்.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார். வேலைக்குப் போகிற இடத்தில் பேசுகிற அந்தக் குரல் அந்த வீட்டில் முதல் தடவையாகக் கேட்டது.

"இடுக்குக்குப் போடுங்க. கல்லுக்கு வேண்டாம்."

எத்தனையோ வருஷமாக இப்படி ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். அவள் அதைக் கேட்ட மறுகணமே, எனக்கு அது சரியாப் படலை என்றாள். சீலர் பூசிய கல் தண்ணீருக்கும் நின்றது, எண்ணெய்க்கும் நின்றது, அப்புறம் ஏன் கல்லுக்கு வேண்டாம் என்றாள். எலுமிச்சம்பழத்துக்கு நிற்கவில்லையே என்றார் அவர். நாம கூடத்துல உக்காந்து எலுமிச்சம்பழமா புழியப்போறோம் என்றாள். கல்லுக்குள் ஈரம் காய்ந்திருக்குமா என்று யாருக்குத் தெரியும் என்றார். இன்னும் நாலு நாள் கழித்துப் பூசச் சொல்லலாம் என்றாள். அக்கா வீட்டுத் தரையை நீ பார்த்தியா இல்லையா என்று அவர் குரலை உயர்த்தினார். உங்க அக்கா தரையிலும் யாராவது எதையாவது பிழிந்திருப்பார்கள், உங்கள் குடும்பமே அப்படித்தானே என்று அவளும் உயர்த்தினாள். கண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது, அதைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துவிட்டுச் சண்டை போட்டாள். தரைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது இப்போதைக்கு முடிகிற கதையில்லை என்று தெரிந்துகொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

நடுவில் கணவர் திடீரென்று நிறுத்தினார். முகம் வாடிவிட்டது. பழைய ஆள் எட்டிப் பார்த்தார்.

"நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம்."

"தப்பாவே இருக்கட்டும்," என்றாள் அவள். "சொல்லுங்க."

அவர் கல்லின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். ஈரம் எந்தப் பக்கம் தேங்கும், எந்தப் பக்கம் காயும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.